ஹெட்லைட், ஃபாக் லைட் மாற்றிய பின் வரும் மின்கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பொள்ளாச்சிப் பக்கத்தில் கார் வயரிங் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களிடம் வரும் வண்டிகளில் பல ஒரே குறையைத்தான் கொண்டுவருகின்றன. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், அதிலும் கவர்க்கல் பக்கத்தில் பகலிலேயே மூடுபனி இறங்கும்போது, கம்பெனி கொடுத்த விளக்கு போதவில்லை என்று உரிமையாளருக்குத் தோன்றுகிறது. தாராபுரம் சாலையில் இரவில் எதிரே லாரி வந்தால் நம் விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை என்பது இன்னொருவரின் குறை. இருவருமே நேராகக் கடைக்குப் போய் 100/90 வாட் பல்பும் ஒரு ஜோடி ஃபாக் லைட்டும் வாங்கி, இருக்கிற வயரிலேயே மாட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில், "அண்ணா, பல்பு மாத்தியும் வெளிச்சமே வரலீங்க, இப்ப ஏனோ பொசுங்கற வாசம் வேற அடிக்குதுங்க" என்று வண்டி வந்து நிற்கிறது.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பல்பின் குற்றமல்ல. பல்ப் கேட்கும் மின்னோட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வயரும், ஸ்விட்சும், எர்த்தும் (மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) தகுதியாக இல்லாததே காரணம். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எங்கே அளக்க வேண்டும், அளவு என்னவாக இருந்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வழக்கமான எச்4 பல்ப் 60/55 வாட், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. இரண்டு பல்பும் டிம்மில் எரியும்போது 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9.2 ஆம்பியர். 100/90 பல்ப் போட்டால் டிம்மில் 15 ஆம்பியர், பிரைட்டில் 16.7 ஆம்பியர். அதோடு 55 வாட் ஃபாக் லைட் இரண்டு சேர்ந்தால் இன்னொரு 9.2 ஆம்பியர். 9 ஆம்பியருக்கென்று அமைத்த ஏற்பாட்டில், டிம்மும் ஃபாக்கும் எரியும்போது 24 ஆம்பியருக்கு மேல் கேட்கிறோம். வாய்க்கால் அகலம் தெரியாமல் மதகைத் திறந்த கதைதான் இது.

பல சிறிய கார்களின் பழைய வயரிங்கில் ஹெட்லைட்டுக்கான மின்னோட்டம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து காம்பினேஷன் ஸ்விட்ச் வழியாகவே போய்த் திரும்புகிறது. அந்த ஸ்விட்சின் உள்ளே இருக்கும் செம்புத் தகடுகள் மிகச் சிறியவை. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச்) இருக்கிறதா என்பதை ஃபியூஸ் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதைப் பார்க்காமல் அதிக வாட் பல்ப் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எச்4 பல்புக்கான தரநிலையே 60/55 வாட்தான். அதற்கு மேற்பட்டவற்றின் பெட்டிகள் பலவற்றில், பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல என்றே அச்சிட்டிருப்பார்கள்.

அறிகுறி: புதிய பல்ப் போட்டும் வெளிச்சம் மங்கல், மஞ்சள் நிறம்

அதிகம் வரும் குறை இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆலசன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்ட்டேஜின் 3.4-ஆம் அடுக்குப்படி அது சரிகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட் இருந்து, பல்பின் பின்முனையில் 12 வோல்ட் மட்டுமே வந்து சேர்ந்தால், வழியில் தொலைந்தது ஒன்றரை வோல்ட்தான் என்றாலும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதிக வாட் பல்ப் போடும்போது மின்னோட்டம் கூடுகிறது. மின்னோட்டம் கூடினால் வயரில் தொலையும் வோல்ட்டேஜும் கூடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் வெளிச்சத்தில் பெரும்பகுதியை வயரே வெப்பமாகத் தின்றுவிடுகிறது.

அளக்கும் முறையைக் கவனமாகப் பின்பற்றுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில், அதாவது பல்பின் பின்கள் செருகும் கப்ளரில், அளந்தால் மீட்டர் முழு வோல்ட்டேஜைக் காட்டும், ஏனென்றால் மின்னோட்டம் இல்லாத வயரில் இழப்பும் இல்லை. ஆகையால் பல்பை அதன் கப்ளரிலேயே விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, கப்ளரின் பின்புறத்தில் வயர் நுழையும் இடத்தில் மீட்டர் முனையை மெல்லச் செருகி அளக்க வேண்டும். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கருப்பு முனையைக் கப்ளரின் டிம் பின்னிலும் வைத்தால், பாசிட்டிவ் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதை மீட்டர் நேரடியாகவே காட்டும். அடுத்து, சிவப்பு முனையைக் கப்ளரின் எர்த் பின்னிலும் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் எர்த் வழியின் இழப்பு தெரியும். பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட்டுக்கு மேலோ, எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேலோ காட்டினால் அந்தப் பக்கத்தைச் சரிசெய்யாமல் எந்தப் பல்பை மாற்றியும் பயனில்லை.

எர்த் பக்கம் குறை என்றால் வேலை எளிது. அடுத்த அறிகுறியில் அதைப் பார்க்கலாம். பாசிட்டிவ் பக்கம் குறை என்றால் ரிலே வைத்துத் தனி வயரிங் இழுப்பதுதான் முறையான தீர்வு. 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்குச் சுமார் 0.025 ஓம் மின்தடை கொண்டது. நான்கு மீட்டர் நீளத்தில் 15 ஆம்பியர் போனால் அதிலேயே ஒன்றரை வோல்ட் தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரின் மின்தடை மீட்டருக்கு 0.0076 ஓம், ரிலேயை பேட்டரி அருகிலேயே வைத்து இரண்டு மீட்டரில் முடித்துவிட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

ரிலேயின் அடியில் உள்ள எண்களைப் பார்த்து இணையுங்கள். 30 என்ற பின்னுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் கப்ளரிலிருந்து வரும் வயர், 85 எர்த்துக்கு. இப்போது ஸ்விட்ச் சுமக்க வேண்டியது ரிலே காயிலின் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின்) 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தை மட்டுமே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் ஹெட்லைட்டின் பொது முனைக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்து, ஸ்விட்ச் எர்த்தை மட்டும் மாற்றிக்கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் மேலே சொன்னபடி அப்படியே இணைத்தால் ரிலே வேலை செய்யாது. விளக்கை எரியவிட்டு, பல்பைக் கழற்றி, கப்ளரின் எந்தப் பின்னில் 12 வோல்ட் நிற்கிறது, டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது எது மாறுகிறது என்று பார்த்த பிறகே ரிலேயைத் தொடுங்கள்.

இதையெல்லாம் செய்து, 60/55 பல்பையே திரும்பப் போட்டுப் பாருங்கள். முழு வோல்ட்டேஜ் கிடைத்த சாதாரண பல்பின் வெளிச்சத்தைக் கண்ட பின், 100/90 வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே.

அறிகுறி: டிம் போட்டால் ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது, டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக எரிகிறது

இதைப் பார்த்தவுடன் ஸ்விட்ச் போய்விட்டது என்று நினைத்து ஸ்விட்சை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் மங்கலாக எரியும் பக்கத்து எர்த் அறுந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். எச்4 பல்பில் டிம் இழையும் பிரைட் இழையும் ஒரே எர்த் பின்னில் சேர்கின்றன. இடப்பக்கத்து எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிம் இழை வழியாக வந்த மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல், அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரைட் வயரைப் பிடித்து, வலப்பக்கப் பல்பின் பிரைட் இழையையும் டேஷ்போர்டு விளக்கையும் அடைந்து அங்கிருந்து எர்த்துக்குப் போகிறது. அதனால்தான் இடப்பக்கம் இரண்டு இழையும் அரைகுறையாகச் சிவந்து நிற்கின்றன. நீல விளக்கும் மினுங்குகிறது.

எர்த் வயர் பெரும்பாலும் பேட்டரித் தட்டுக்குக் கீழேயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வளைய முனையின் செம்பு பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதன் அடியில் பாடியின் பெயின்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருக்கும், அல்லது பேட்டரி அமிலம் பட்டு வெள்ளையாகப் பொரிந்திருக்கும். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வளைய முனையைப் புதிதாக கிரிம்ப் செய்து (வயரின் மேல் நசுக்கி இறுக்கி), இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். ஃபாக் லைட்டின் எர்த்தை பிளாஸ்டிக் பம்பருக்குள் இருக்கும் ஏதோ ஒரு திருகில் மாட்டிவிட்டு வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த எர்த்தை ஹெட்லைட் எர்த் போலவே கனமான வயரில் இழுத்துப் பாடியிலோ, நேராகப் பேட்டரி நெகட்டிவிலோ முடிக்க வேண்டும். பாசிட்டிவுக்கு 2.5 இழுத்துவிட்டு எர்த்துக்கு நூல் போன்ற வயரைப் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

அறிகுறி: பொசுங்கும் வாசனை, ஹோல்டர் பழுப்பேறி உருகுதல்

உடனே விளக்கை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். வாசனை பானெட்டுக்குள் வந்தால் கப்ளரைப் பாருங்கள். ஸ்டீயரிங் பக்கம் வந்தால் காம்பினேஷன் ஸ்விட்சைத் தொட்டுப் பாருங்கள்.

கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறை போல் பழுப்பேறியிருக்கும். அந்தத் துளைக்குள் இருக்கும் தகடு சூடேறிச் சூடேறித் தன் இழுவிசையை இழந்துவிட்டது. பல்பின் பின்னைக் கவ்விப் பிடிக்காமல் தளர்ந்து தொடுகிறது. தளர்ந்த தொடுதலில் மின்தடை அதிகம், அதனால் சூடு அதிகம், சூட்டால் மேலும் தளர்வு. பழைய கப்ளரை நிமிண்டி இறுக்கிப் பயன்படுத்தாதீர்கள். பீங்கான் கப்ளர் வாங்கி, கனமான வயருடன் கிரிம்ப் செய்து, ஸ்லீவ் போட்டு மாற்றுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எங்கிருந்தாலும் அவற்றையும் அப்போதே வெட்டி எறிந்துவிடுங்கள். அதே நேரத்தில் ஹெட்லைட்டின் உள்பக்க ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். 100 வாட் சூட்டில் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருத்துக் கொப்புளித்திருந்தால், அந்த விளக்கு இனி எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சத்தை முன்னால் அனுப்பாது.

அறிகுறி: விளக்கைப் போட்டதும், அல்லது சற்று நேரம் கழித்து, ஃபியூஸ் போகிறது

எப்போது போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்விட்சைப் போட்ட நொடியே போனால் எங்கோ வயர் உரிந்து பாடியைத் தொடுகிறது. ரேடியேட்டர் ஓரத்திலும், பானெட் கீல் பக்கத்திலும், ஃபாக் லைட் வயர் பம்பருக்குள் நுழையும் துளையிலும் தேடுங்கள். பத்து நிமிடம், அரைமணி நேரம் எரிந்த பிறகு போனால் அது ஷார்ட் அல்ல, சுமை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 15 ஆம்பியர் போகிறது என்று பொருள்.

இந்த இடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் சொந்த வண்டியில் நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வழியில் ஒரு கடையில் காட்டினேன். அங்கிருந்தவர் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிக் கொடுத்தார். காங்கேயம் தாண்டி இருட்டில் வந்துகொண்டிருந்தபோது ஸ்டீயரிங் அடியிலிருந்து புகை வந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பேட்டரி முனையைக் கழற்றுவதற்குள் ஸ்விட்சின் உள்பகுதி உருகிவிட்டது. பின்சீட்டில் என் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அன்றிலிருந்து, ஃபியூஸ் எதற்காகப் போகிறது என்பதைக் கண்டறியாமல் பெரிய ஃபியூஸ் போடச் சொல்லி வருபவர்களுக்கு நான் அந்த வேலையைச் செய்து கொடுப்பதில்லை. ஃபியூஸ் காப்பது பல்பையல்ல, வயரை. ஆகவே வயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 55 வாட் ஃபாக் லைட் ஜோடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை.

அறிகுறி: நின்றால் மங்குகிறது, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பளிச்சிடுகிறது

எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஏசி விசிறியையும் போட்டு, ஐடிலிங்கில் பேட்டரி முனையை அளங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, எஞ்சின் வேகம் கூடியதும் 14-க்கு ஏறினால், எஞ்சின் சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் சுமையைத் தாங்கவில்லை. ஆல்டர்னேட்டர் மேல் 70 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், அது வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலிங்கில் அதில் பாதியளவே எதிர்பார்க்கலாம். மழை இரவில் மலைப்பாதையில் வைப்பரும், ஏசி விசிறியும், ரேடியேட்டர் விசிறியும், பின்கண்ணாடி ஹீட்டரும் ஓடும்போது 24 ஆம்பியர் விளக்குச் சுமையை அதன் மேல் ஏற்றினால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கும். முதலில் பெல்ட் தளர்வையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் வோல்ட்டேஜ் ஏறவில்லை என்றால், பெரிய ஆல்டர்னேட்டரைத் தேடுவதைவிடச் சுமையைக் குறைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

மாறாக, வேகத்தில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆவதற்கு இதுவும் காரணம். வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆலசன் பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டு மாட்டியிருந்தாலும் விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி அது சீக்கிரம் போகும்.

அறிகுறி: காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

ஃபாக் லைட் ரிலேயின் காயிலுக்கு ஸ்டார்ட் சாவி வழியாக வராமல் பேட்டரியிலிருந்தே நேராக மின்சாரம் எடுத்திருப்பார்கள். ஸ்விட்சை அணைக்க மறந்தால் விடிவதற்குள் பேட்டரி காலி. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டாலும் இப்படியே நடக்கும். சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, அரைமணி நேரம் கழித்துப் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள். அளவு சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுதான்.

அறிகுறி: எல்இடி போட்ட பின் மினுங்கல், எச்சரிக்கை விளக்கு, எஃப்எம்மில் இரைச்சல்

எல்இடி பல்ப் குறைந்த மின்னோட்டத்தை எடுப்பதால் வயருக்கு நல்லதே. ஆனால் புதிய வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கணினி, மின்னோட்டம் குறைந்ததைப் பார்த்துப் பல்ப் ஃபியூஸ் ஆகிவிட்டது என்று கருதி எச்சரிக்கிறது. சில வண்டிகளில் கணினி விளக்குக்கு மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தருவதால், ஆலசனில் தெரியாத துடிப்பு எல்இடியில் மினுங்கலாகத் தெரிகிறது. இதற்கென விற்கும் டிகோடரை (பல்புக்கும் கப்ளருக்கும் நடுவே மாட்டும் சிறு பெட்டி) பயன்படுத்தலாம். அதற்குள் மின்தடை இருந்தால் அது கைவைக்க முடியாத அளவு சூடாகும். 6 ஓம் மின்தடை 13.5 வோல்ட்டில் 30 வாட்டை வெப்பமாக்கும். அதை வயர் கட்டோடு சேர்த்து டேப் சுற்றிவிடாமல், இரும்பில் திருகி வையுங்கள். எஃப்எம் இரைச்சலுக்குக் காரணம், எல்இடிக்கு மின்னோட்டத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் மலிவாக இருப்பது. வேறு பல்ப் மாற்றுவதே தீர்வு. புதிதாகப் போட்ட எல்இடி எரியவே இல்லை என்றால், திருப்பிச் செருகக்கூடிய இரண்டு பின் கப்ளராக இருந்தால் அதைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு.

அறிகுறி: வோல்ட்டேஜ் எல்லாம் சரி, ஆனால் பனியில் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது

இது மின்கோளாறு அல்ல. கவர்க்கல் பனியில் பிரைட் போட்டால் பனித்துளிகள் அத்தனை வெளிச்சத்தையும் நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். ஃபாக் லைட் தாழ்வாக, தட்டையாக, அகலமாக விழ வேண்டும்; அது மேல்நோக்கி இருந்தால் ஃபாக் லைட்டும் பிரைட்டைப் போலவே திருப்பி அடிக்கும். ஆலசனுக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகினால், இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி பிறக்காததால் கற்றை சிதறி, எதிரே பைக்கில் வரும் எஸ்டேட் தொழிலாளியின் கண்ணைக் கூசவைக்கும். சமதளத்தில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி, வழக்கமாக ஏறும் ஆட்களை உட்காரவைத்து வண்டியை நிறுத்துங்கள். டிம் கற்றையின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் மைய உயரத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டரும், ஃபாக் லைட்டின் மேல்விளிம்பு அந்த விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டரும் தாழ்வாக விழும்வரை திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.